மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் மாட்டை இழுக்கிறது; பிறகு எப்படி நகர்கிறது?

கேள்வி இதுதான். மாடு வண்டியை எவ்வளவு விசையோடு முன்னால் இழுக்கிறதோ, அதே அளவு விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது என்கிறது நியூட்டனின் மூன்றாம் இயக்க விதி. இரண்டும் சமம், திசை மட்டும் எதிர். கூட்டினால் சுழி. அப்படியானால் வண்டி நகரவே கூடாதே?

அந்த இரண்டையும் கூட்டவே கூடாது. ஒன்று வண்டியின் மேல் செயல்படுகிறது, மற்றது மாட்டின் மேல். உங்கள் பாஸ்புத்தகத்தில் 500 ரூபாய் பற்று, என் பாஸ்புத்தகத்தில் 500 ரூபாய் வரவு. இரண்டையும் கழித்து "ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொன்னால் வங்கிக்காரர் சிரிப்பார். ஒரு பொருள் நகருமா நகராதா என்று பார்க்க, அந்தப் பொருளின் மேல் வெளியிலிருந்து விழும் விசைகளை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

இந்த ஐயம் பழையது. 1687-இல் லத்தீனில் வெளிவந்த தன் பிரின்சிபியா நூலில் மூன்றாம் விதியைச் சொன்ன கையோடு நியூட்டனே இதே உதாரணத்தைத்தான் எடுக்கிறார். மாட்டுக்குப் பதில் குதிரை, வண்டிக்குப் பதில் கயிற்றில் கட்டிய கல். விறைத்த கயிறு ஒன்றின் போக்குக்கு எவ்வளவு துணை செய்கிறதோ மற்றதன் போக்கை அவ்வளவு தடுக்கிறது என்று எழுதுகிறார். பதில் அதிலேயே இருக்கிறது. ஆனால் எண்களைப் போட்டுப் பார்க்காமல் அது மனதில் உட்காராது.

சுமையோடு வண்டி 600 கிலோ. இரண்டு மாடுகளும் சேர்ந்து 700 கிலோ. மண்சாலை வண்டியை மறிக்கும் விசை 300 நியூட்டன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முடுக்கம் 0.5 மீ/வி², அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு அரை மீட்டர் ஏறுகிறது. சமதளச் சாலை என்பதால் கிடைமட்ட விசைகள் மட்டும் போதும்.

முதலில் வண்டியை மட்டும் தனியே பிரித்து வரையுங்கள். அதைத் தொடும் பொருள்கள் எவை? முன்னால் நுகத்தடி வழியாக மாடுகள், கீழே சாலை. மாடுகள் முன்னால் இழுக்கின்றன, சாலை பின்னால் 300 நியூட்டன் மறிக்கிறது.

மாடுகளின் இழுப்பு − 300 = 600 × 0.5 = 300
ஆகவே மாடுகளின் இழுப்பு = 600 நியூட்டன்.

இப்போது மாடுகளை மட்டும் தனியே வரையுங்கள். நுகத்தடி அவற்றைப் பின்னால் அழுத்துகிறது. மூன்றாம் விதிப்படி அதுவும் 600 நியூட்டன். குளம்பு நிலத்தைப் பின்னால் உதைக்கிறது, நிலம் குளம்பை முன்னால் தள்ளுகிறது.

நிலத்தின் தள்ளல் − 600 = 700 × 0.5 = 350
ஆகவே நிலத்தின் தள்ளல் = 950 நியூட்டன்.

சரிபார்க்க, மாடுகளையும் வண்டியையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நுகத்தடியில் நடக்கும் இழுபறி இப்போது உள்விவகாரம். அது கணக்கிலேயே வராது. வெளியிலிருந்து வருபவை இரண்டுதான்: முன்னால் 950, பின்னால் 300. மிச்சம் 650. மொத்த நிறை 1300 கிலோ. 650-ஐ 1300-ஆல் வகுத்தால் 0.5. கணக்கு நேராகிறது.

இங்கே பலருக்கும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மாட்டை முன்னால் தள்ளுவது மாடு அல்ல, நிலம். மாட்டின் தசை எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது உள்விசை. வெளியே பிடிக்க ஏதும் இல்லாவிட்டால் மாடு தன் இடத்தைவிட்டு முன்னே போக முடியாது. மழைக்குப் பிறகு வழுக்கும் தரையில் இது பளிச்சென்று தெரியும். குளம்புக்குக் கிடைக்கும் பிடி, மாடுகளின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் என்று வையுங்கள். எடை 700 × 9.8 = 6860 நியூட்டன், பிடி அதிகபட்சம் 686. முன்பு கேட்ட 950 கிடைக்காது. முடுக்கம் (686 − 300) ÷ 1300, ஏறத்தாழ 0.3 மீ/வி² ஆகக் குறையும். பிடி இருபத்தைந்தில் ஒரு பங்கானால் 274 நியூட்டன். மறிக்கும் 300-க்கு அதுவே போதாது, வண்டி அசையாது. அப்போதும் மாடு வண்டியை இழுப்பதும் வண்டி மாட்டை இழுப்பதும் சமமாகத்தான் இருக்கும். நகர்கிறதா இல்லையா என்பதற்கும் அந்தச் சமத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை.

வண்டி சீரான வேகத்துக்கு வந்துவிட்டால் முடுக்கம் சுழி. அப்போது இழுப்பு 300, நிலத்தின் தள்ளல் 300. கிளம்பும்போது 950 கேட்ட வேலை, ஓட்டத்தில் 300-இல் முடிகிறது. கிளப்புவதுதான் கஷ்டம் என்று வண்டிக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. உண்மையில் மண்ணில் அமுங்கி நிற்கும் சக்கரத்தைக் கிளப்புவது இதைவிடவும் கடினம், ஏனென்றால் மறிக்கும் விசையும் அந்த நேரத்தில் கூடுதலாக இருக்கும்.

சேற்றில் மாட்டிய வண்டியை ஆட்கள் எப்படித் தூக்கிவிடுகிறார்கள் என்று கவனித்திருந்தால், சக்கரத்தின் மேல் விளிம்பை, அதாவது வட்டையின் உச்சியைப் பிடித்து முன்னால் தள்ளுவார்கள். அது வெறும் பழக்கம் அல்ல. சக்கரம் எந்தக் கணத்திலும் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றித்தான் புரள்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து குடம், அதாவது அச்சு நுழையும் நடுப்பகுதி, ஓர் ஆரம் உயரத்தில் இருக்கிறது, உச்சி இரண்டு ஆரம் உயரத்தில். ஆக, உச்சியில் 200 நியூட்டன் தள்ளினால் அச்சில் 400 நியூட்டன் கிடைக்கும். மிச்ச 200 எங்கிருந்து வந்தது? தரையிலிருந்து. சக்கரத்தின் அடிப்புறம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை சக்கரத்தை முன்னால் தள்ளுகிறது. வண்டியின் எடையில் பெரும்பகுதி சக்கரங்களின் மேல் இருப்பதால் அங்கே பிடி தாராளம். வழுக்கும் குளம்பைவிட இந்த வழி நம்பகமானது. (சக்கரத்தின் சொந்த நிறையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) இழப்பும் உண்டு: வண்டி ஓர் அடி நகர, கை இரண்டு அடி போக வேண்டும்.

சரி, மாட்டை விட்டுவிட்டு விதிகளுக்கு வருவோம். தேர்வுத்தாளில் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக் கணக்கில் கோட்டைவிடுவது ஏன் என்றால், அவற்றை மூன்று பொன்மொழிகளாகப் படிப்பதால்தான். அவை ஒரே வேலையின் மூன்று பகுதிகள். எங்கே நின்று அளக்கலாம் என்பதை முதல் விதி சொல்கிறது, எப்படிக் கணக்கிடுவது என்பதை இரண்டாவது, விசைகளை எப்படி விடாமல் எண்ணுவது என்பதை மூன்றாவது.

முதல் விதி இரண்டாவதின் தனிவகைதானே, விசை சுழியானால் முடுக்கமும் சுழி, இதற்கு எதற்குத் தனி விதி என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். பிரேக் போடும் பேருந்துக்குள் நின்றபடி அளந்தால், யாரும் தள்ளாத பந்து தானாக முன்னால் உருளும். விசையே இல்லாமல் முடுக்கம்! அப்படிப்பட்ட இடத்தில் நின்று இரண்டாம் விதியைப் பயன்படுத்த முடியாது, அல்லது போலி விசை என்று ஒன்றைச் சேர்த்து ஒப்பேற்ற வேண்டும். யாரும் தொடாத பொருள் சீராகவே போகும் இடம் எதுவோ, அங்கே நின்றுதான் அளக்க வேண்டும் என்று முதல் விதி நிபந்தனை போடுகிறது. பாடநூல்கள் இதை நிலைமக் குறிப்பாயம் என்கின்றன. நாம் நிற்கும் தரைகூட முழுச் சுத்தம் அல்ல, பூமி சுழல்கிறதே. 1851-இல் பாரிஸில் ஃபூக்கோ தொங்கவிட்ட நீண்ட ஊசல், தன் அலைவுத் திசையை மெல்ல மெல்லத் திருப்பி அதைக் காட்டியது. ஆனால் நிலநடுக்கோட்டில்கூட அந்தச் சுழற்சியால் வரும் முடுக்கம் 0.034 மீ/வி² தான், 9.8-இல் முந்நூறில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதல். வண்டிக் கணக்குக்குத் தரை தாராளமாகப் போதும்.

பேருந்து என்றதும் எல்லோரும் எழுதுவது: "பிரேக் போட்டால் பயணி முன்னால் தள்ளப்படுகிறார்." யார் தள்ளினார்? யாருமில்லை. வேகத்தைக் குறைத்தது பேருந்து. பயணி பழைய வேகத்திலேயே போகிறார். மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர். பேருந்து 2.5 வினாடியில் நின்றால் வேகக் குறைப்பு 4 மீ/வி². 60 கிலோ ஆளையும் அதே மாதிரி நிறுத்த 240 நியூட்டன் பின்னோக்கி வேண்டும். செருப்புக்கும் பேருந்துத் தரைக்கும் இடையே எடையில் பாதி அளவு உராய்வு கிடைக்கும் என்றால் 294 நியூட்டன். ஆக, கால் வழுக்காது. பிறகு ஏன் விழுகிறோம்? அந்த 240 நியூட்டன் பாதத்தில்தான் கிடைக்கிறது. உடம்பின் எடைமையமோ சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கால் நின்றுவிட, மேலுடம்பு கவிழ்கிறது. கவிழாமல் இருக்க, பாதம் எடைமையத்துக்கு நேர்க்கீழே இருந்து 40 செ.மீ. முன்னால் இருக்க வேண்டும் (4-ஐ 9.8-ஆல் வகுத்து ஒரு மீட்டரால் பெருக்குங்கள்). உடம்பு செங்குத்திலிருந்து 22 பாகை பின்னால் சாய்ந்தால் அது அமையும். கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழிக்கும் நடத்துநர் ஒரு காலை முன்வைத்து லேசாகப் பின்சாய்ந்து நிற்பது இந்தக் கணக்குதான்.

இதே கணக்கு காரில் பயங்கரமாகும். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வரும் கார் எதிலோ மோதி 0.1 வினாடியில் நின்றால், வேகக் குறைப்பு 200 மீ/வி². மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 2000 நியூட்டன் வேண்டும். அது 200 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்பது நடக்காத காரியம். எந்தத் தாயின் கையிலும் அவ்வளவு விசை கிடையாது. குழந்தை இருக்கையும் பெல்ட்டும் வேண்டும்.

இரண்டாம் விதியை நாம் "விசை = நிறை × முடுக்கம்" என்று எழுதுகிறோம். நியூட்டன் அப்படி எழுதவில்லை. இயக்கத்தின் மாற்றம், கொடுத்த விசைக்கு நேர்விகிதத்தில், விசையின் திசையிலேயே நிகழும் என்பது அவர் வாசகம். இயக்கம் என்று அவர் சொன்னது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தை. இன்று நாம் பயன்படுத்தும் முடுக்கச் சமன்பாட்டை ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே எழுதி, எல்லா இயக்கத்துக்கும் பொதுவான அடிப்படையாக நிறுத்தியவர் கணித மேதை ஆய்லர், 1750-ஐ ஒட்டி.

தமிழில் படிப்பவர்களுக்கு மட்டுமான ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்றால் கிலோவில் அளப்பது, எடை என்றால் நியூட்டனில் அளக்கும் ஈர்ப்பு விசை. இலங்கைப் பாடநூலில் கிலோவில் அளப்பது திணிவு. நிறை என்றால் நியூட்டனில் அளக்கும் விசை! முடுக்கத்தை அங்கே ஆர்முடுகல் என்பார்கள். ஒரு கரையின் வினாத்தாளை மறுகரையின் புத்தகத்தை வைத்துப் போட்டால் விடை கிட்டத்தட்ட பத்து மடங்கு பிசகும். நான் இங்கே தமிழ்நாட்டு வழக்கில் எழுதுகிறேன்.

கிணற்றடிக்குப் போனால் இரண்டாம் விதி கையிலேயே உறைக்கும். பத்து லிட்டர் தண்ணீரும் வாளியும் சேர்ந்து 12 கிலோ. சீராக இழுத்தால் கயிற்றில் 12 × 9.8 = 117.6 நியூட்டன். மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும், வேகம் மாறாதவரை இதே அளவுதான். சட்டென்று 3 மீ/வி² முடுக்கத்தோடு மேலே வெட்டி இழுத்தால் 12 × (9.8 + 3) = 153.6. இது பரவாயில்லை. கயிறு அறுவது வேறு நேரத்தில். கை நழுவி, வாளி அரை மீட்டர் விழுந்து, மறுபடி சட்டென்று பிடிக்கிறீர்கள். அரை மீட்டர் விழுந்ததில் வேகம் வினாடிக்கு 3.13 மீட்டர். அதை 0.05 வினாடியில் நிறுத்தினால் முடுக்கம் 62.6 மீ/வி². கயிற்றில் சராசரியாக 12 × (9.8 + 62.6) = 869 நியூட்டன், வாளியின் எடையைப் போல் ஏழு மடங்குக்கு மேல். நைந்த கயிறு அந்தக் கணத்தில் அறும். கட்டிட வேலையில் சுமை தூக்கும் கயிற்றுக்கு, சுமையின் எடையைப் போல் பல மடங்கு தாங்குதிறன் கேட்பதற்கு இத்தகைய வெட்டு இழுப்பும் ஒரு காரணம்.

கயிறு ஓடும் உருளையை மாட்டிய கொக்கியையும் மறக்கக் கூடாது. நீங்கள் கீழ்நோக்கி இழுக்கும் பக்கமும் 117.6, வாளிப் பக்கமும் 117.6. கொக்கி தாங்குவது 235 நியூட்டன், சுமையைப் போல் இரண்டு மடங்கு. சுமைக்கு ஏற்ற கயிறு வாங்கிவிட்டு, அதே அளவு பார்த்துக் கொக்கி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உருளையின் இரு பக்கமும் சுமை இருந்தால்? ஒரு பக்கம் 5 கிலோ, மறுபக்கம் 3 கிலோ. கயிற்றின் இழுவிசை என்ன என்று கேட்டால் அதிகம் பேர் எழுதுவது 49 நியூட்டன், அதாவது 5 கிலோவின் எடை. அது உண்மையானால் 5 கிலோ நகரவே நகராது, 3 கிலோ மட்டும் மேலே பறக்கும்! ஒரே கயிற்றில் கட்டிய இரண்டும் அப்படி நடக்க வழியில்லை. தனித்தனியே எழுதுங்கள். 5 கிலோவுக்கு: 49 − இழுவிசை = 5 × முடுக்கம். 3 கிலோவுக்கு: இழுவிசை − 29.4 = 3 × முடுக்கம். கூட்டினால் 19.6 = 8 × முடுக்கம்; முடுக்கம் 2.45, இழுவிசை 36.75 நியூட்டன். விடை 29.4-க்கும் 49-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். இல்லாவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொக்கி இப்போது தாங்குவது 73.5 நியூட்டன். இரண்டு சுமைகளின் மொத்த எடை 78.4. சுமைகள் நகரும்போது கொக்கிக்குப் பாரம் குறைகிறது, கையால் பிடித்து நிறுத்தினால் மாறுகிறது. இந்த ஏற்பாட்டைக் கருவியாகவே செய்து விதிகளைச் சோதித்துக் காட்டியவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் அட்வுட். 1784-இல் அதைப் பற்றி எழுதினார். நேராக விழும் பொருளை அந்தக் காலக் கடிகாரத்தால் துல்லியமாக அளப்பது கடினம். சுமைகளை ஏறக்குறைய சமமாக்கினால் முடுக்கத்தை வேண்டிய அளவு குறைத்து, நிதானமாக அளக்கலாம். அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

மூன்றாம் விதியில் நடக்கும் தவறுகளில் முதலிடம் மேசைமேல் புத்தகத்துக்கு. "புத்தகத்தின் எடை வினை, மேசை மேல்நோக்கித் தாங்குவது எதிர்வினை" என்று எழுதுகிறார்கள்; சில கைடுகளிலும் அச்சாகியிருக்கிறது. தவறு. இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் விழும் விசைகள். ஜோடி விசைகள் ஒருபோதும் ஒரே பொருளின் மேல் விழாது. ஜோடியைக் கண்டுபிடிக்க எளிய வழி, பெயர்களை இடம் மாற்றிச் சொல்வது. "பூமி புத்தகத்தை ஈர்க்கிறது" என்றால் ஜோடி "புத்தகம் பூமியை ஈர்க்கிறது". "மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது" என்றால் "புத்தகம் மேசையைத் தள்ளுகிறது". ஈர்ப்புக்கு ஜோடி ஈர்ப்புதான், தொடுவிசைக்கு ஜோடி தொடுவிசைதான். ஒரு கிலோ புத்தகம் பூமியை 9.8 நியூட்டனோடு மேலே இழுக்கிறது. பூமியின் நிறை சுமார் 6 × 10²⁴ கிலோ என்பதால் அதன் முடுக்கம் 10²⁴-இல் ஒன்றரைப் பங்கு சொச்சம். யாருக்கும் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

சந்தேகமிருந்தால் மேசையை லிஃப்டில் ஏற்றுங்கள். லிஃப்ட் 1 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது மேசை புத்தகத்தைத் தள்ளுவது 10.8 நியூட்டன், எடை அதே 9.8. ஜோடியாக இருந்திருந்தால் எந்தச் சூழலிலும் சமமாக இருந்தே ஆகவேண்டும். சும்மா கிடக்கும் மேசையில் அவை சமமானது இரண்டாம் விதியின் தயவு, மூன்றாம் விதியின் ஏற்பாடு அல்ல.

"வினை", "எதிர்வினை" என்ற சொற்களே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும். ஒன்று முதலில் நடக்க, மற்றது பிறகு பதிலடியாக வருவதுபோல் அவை ஒலிக்கின்றன. முன்பின் எதுவுமில்லை. இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றன, ஒரே கணத்தில் மறைகின்றன. எதை வேண்டுமானாலும் வினை என்று அழைக்கலாம்.

ராக்கெட் காற்றை உதைத்து மேலே போகிறது என்பது அடுத்த பிழை. இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், வெற்றிடத்தில் உதைக்க ஏதுமில்லாமல் ராக்கெட் எப்படிப் போகும் என்று ராக்கெட் ஆய்வாளர் ராபர்ட் கோடார்டைக் கேலி செய்தது. 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தவறுக்கு வருந்துவதாக அதே நாளிதழ் திருத்தம் போட்டது. ராக்கெட் தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வரும் வாயுவை. வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. வினாடிக்கு 1 கிலோ வாயு, வினாடிக்கு 2500 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் உந்துவிசை 2500 நியூட்டன். வெளியே காற்று இருப்பது உதவியல்ல, இடைஞ்சல்தான். எரிபொருள் தீரத் தீர நிறை குறைவதால், அதே உந்துவிசைக்கு முடுக்கம் ஏறிக்கொண்டே போகும். ராக்கெட் கணக்கில் தொடக்க நிறையையே கடைசிவரை போட்டுக்கொண்டிருப்பது வழக்கமான பிசகு.

கணக்குப் போடும்போது மறுபடி மறுபடி தென்படும் இன்னும் சில பிசகுகள். விசைப்படத்தில் "நிறை × முடுக்கம்" என்று ஓர் அம்பு வரைவது: அது விசையல்ல, எல்லா விசைகளையும் கூட்டிய பிறகு சமன்பாட்டின் மறுபக்கத்தில் வரும் விளைவு. எந்தப் பொருள் கொடுக்கிறது என்று பெயர் சொல்ல முடியாத அம்பு எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஓய்வுநிலை உராய்வுக்கு எப்போதும் உராய்வுக் குணகம் × தளம் தாங்கும் செங்குத்து விசை என்று போடுவது: அது உச்சவரம்பு மட்டுமே. 100 நியூட்டன் வரை தாங்கக்கூடிய பெட்டியை 20 நியூட்டனோடு தள்ளினால் உராய்வு 20 தான். 100 என்று போட்டால் பெட்டி உங்களை நோக்கி வர வேண்டியிருக்கும். உராய்வு எப்போதும் பின்னோக்கித்தான் என்று நினைப்பதும் இப்படித்தான். சைக்கிள் மிதிக்கும்போது பின்சக்கரத்தை நிலம் முன்னோக்கித் தள்ளுகிறது, முன்சக்கரத்தை மட்டும் லேசாகப் பின்னோக்கி. மிதிப்பதை விட்டால் இரண்டுமே பின்னோக்கி. அப்புறம் அலகுகள்: கிராமைக் கிலோவாகவும், மணிக்குக் கி.மீ.-ஐ 3.6-ஆல் வகுத்து வினாடிக்கு மீட்டராகவும் மாற்றாமல் நியூட்டன் என்று எழுதினால் அது நியூட்டன் ஆகாது.

கடைசியாக, வண்டிக் கேள்வியை வீட்டிலேயே சோதிக்கலாம். சுருள்வில் தராசின் ஒரு முனையை 50 நியூட்டனோடும் மறுமுனையை 50 நியூட்டனோடும் இழுத்தால் காட்டுவது 100 அல்ல, சுழியும் அல்ல, 50. ஒரு முனையைச் சுவரில் கட்டினாலும் சுவர் அதே 50-ஐத்தான் தருகிறது. பெட்டி எடைபார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு இரண்டு வாங்கி, கொக்கியோடு கொக்கி மாட்டுங்கள். ஒன்றை 10 கிலோ அரிசி வைத்த அட்டைப்பெட்டியில் கட்டி, மற்றதைக் கையில் பிடித்து, கிடைமட்டமாக மெல்ல இழுங்கள். இழுப்பதற்கு முன், கிடைமட்டமாகப் பிடித்தபடியே சுழிப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். தொங்கவிட்டபடி சுழியாக்கினால் கொக்கியின் எடை கணக்கில் புகுந்து இரண்டும் சில கிராம் வித்தியாசம் காட்டும். அளவு நின்ற பிறகு எண்ணைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மாற்றம் தெரியாது. பெட்டி அசையாமல் அடம்பிடிக்கும்போது இரண்டு எண்ணும் சேர்ந்தே ஏறும். பெட்டி வழுக்கத் தொடங்கும் கணத்தில், ஓய்வுநிலை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு என்பதால், இரண்டும் சேர்ந்தே இறங்கும். வெடுக்கென்று இழுத்தால் மட்டும் கைப்பக்கத் தராசு ஒரு நூலளவு கூடுதலாகக் காட்டலாம். நடுவில் இருக்கும் கொக்கிகளுக்கும் சொந்த நிறை உண்டு, அதையும் முடுக்க வேண்டியிருக்கிறதே.